தீவில் சொன்ன சாட்சி

மாரிசெல்வத்தின் உடல் ஆறாம் நாள் விமானத்தில் மும்பை வந்து சேர்ந்தது. சரக்குப் பகுதியில் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அவனுடைய தாய்மாமன் தளவாய். உடலோடு கூடவே வந்த சாஜன், முதுகில் தன் பையும் மார்பில் மாரிசெல்வத்தின் பையுமாகப் பக்கத்தில் நின்றான்.

மாரிசெல்வமும் சாஜனும் மாட்டுங்கா லேபர் கேம்பில் அடுத்தடுத்த சந்துகளில் வளர்ந்தவர்கள். சாஜனுக்குக் குர்லாவில் மொபைல் கடையில் வேலை. மாரிசெல்வம் தாராவியில் தோல் பைப் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். தாய்லாந்தின் தெற்கே ஒரு சின்னத் தீவுக்கு நான்கு நாள் போய்வரலாம் என்பது சாஜனின் யோசனை. விசா வேண்டாம், ஆளுக்கொரு முதுகுப் பை போதும், எட்டுப் பேர் படுக்கும் அறையில் கட்டில் கிடைக்கும் என்று பேசிப் பேசியே அவனை இழுத்துக்கொண்டு போனான்.

தீவில் கால் வைத்ததும் மாரிசெல்வத்துக்குச் சிரிப்பு வந்தது. படகுத் துறையிலிருந்து தெருமுனை வரை பை சுமந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

"எலே, தாதர் ஸ்டேஷன் மாதிரில்லா இருக்கு. இதுக்கா பிளேன் ஏறி வந்தோம்?"

மூன்றாம் நாள் காலை பத்துப் பன்னிரண்டு பேரோடு ஒரு நீளப் படகில் கிளம்பினார்கள். படகுக்காரருக்கு அறுபது வயதிருக்கும். ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட்டைத் தன் கையாலேயே மாட்டி, வாரை இழுத்துச் சரிபார்த்தார்.

பாறைகளுக்கு நடுவே இருந்த சின்னக் குடாவில் முப்பது நாற்பது படகுகள் நெருக்கியடித்து நின்றன. தண்ணீரெல்லாம் தலைகள். படகுக்குப் படகு வேறு வேறு பாட்டு. மாரிசெல்வம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். சாஜன் மேலே நின்று போனைத் தூக்கிப் பிடித்தான்.

"ஜாக்கெட்ட கழத்துடா. போட்டோல மூட்ட மாதிரி இருக்க."

"எனக்கு நீச்சல் சரியா வராதுல்லா."

"அரே, கயித்தப் பிடிச்சிக்கோ. ரெண்டே நிமிஷம்."

மாரிசெல்வம் கழற்றி மேலே எறிந்தான். சாஜன் ஏழெட்டுப் படம் எடுத்தான். அடுத்த படகிலிருந்த பெண்கள் தங்களையும் எடுத்துத் தரும்படி போனை நீட்டினார்கள். அவன் அந்தப் பக்கம் திரும்பினான். முதுகுக்குப் பின்னால் கூச்சல் கேட்டது. குடா முழுக்கவே கூச்சலாகத்தான் இருந்தது. அவன் மறுபடி திரும்பியபோது கயிற்றில் யாரும் இல்லை.

குதித்தது படகுக்காரர்தான். மூன்று முறை முங்கி வெறுங்கையோடு வந்தார். நாலாவது முறை மாரிசெல்வத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். கரையில் கிடத்தி வெகு நேரம் நெஞ்சை அழுத்தினார். பிரயோஜனமில்லை.

மாலையில் போலீஸ்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டார்: ஜாக்கெட் கொடுத்தாரா? "நோ" என்றான் சாஜன். கூட வந்தவர்கள் அதற்குள் வேறு வேறு தீவுகளுக்குப் போய்விட்டார்கள். நனைந்த சட்டையோடு படகுக்காரரை ஜீப்பில் ஏற்றினார்கள். அவர் ஏதோ சொல்லிக் கும்பிட்டார். சாஜன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காரியம் முடிந்த மறுநாள் தளவாய் அவனை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். மாரிசெல்வத்தின் அம்மா மீனாட்சியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தங்கை கலைச்செல்வி பக்கத்தில் இருந்தாள். தளவாய் வக்கீல் எழுதிக்கொடுத்த தாளை நீட்டினார்.

"ஜாக்கெட் குடுக்கலைன்னு இதுல எழுதியிருக்கு. கையெழுத்துப் போடுல. எம்பசி மூலமா அனுப்பணும். அந்தப் படகுக்காரன் வெளியவே வரப்படாது."

சாஜன் தாளை வாங்கவில்லை. மீனாட்சியம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கடைசியா எம் புள்ள கூப்பிட்டானாய்யா?"

"கூப்பிட்டான் சித்தி. எம் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டான். வெளையாடுதான்னு நெனச்சிட்டேன். அந்த ஆளு ஜாக்கெட் குடுத்தாரு. நாந்தான் போட்டோவுக்காகக் கழத்தச் சொன்னேன். போலீஸ்ல பொய் சொல்லிட்டேன்."

தளவாய் அவனைக் கன்னத்தில் அறைந்தார். இன்னொன்றும் அறைந்தார். யாரும் தடுக்கவில்லை. பிறகு அவரே மூச்சு வாங்க உட்கார்ந்து, தணிந்த குரலில், "இத வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத. போன உசுரு வரப் போவுதா? அவன் உள்ளயே கிடக்கட்டும்" என்றார்.

"முங்கித் தூக்குனது அவருதான?" என்று மீனாட்சியம்மாள் கேட்டாள்.

"ஆமா சித்தி."

"அப்ப எழுது. உள்ளத எழுது. எங் கண்ணு முன்னால எழுது."

தளவாய் எழுந்து வெளியே போனார். சாஜன் சொல்லச் சொல்ல, கலைச்செல்வி அழுதுகொண்டே அதை ஆங்கிலத்தில் போனில் அடித்தாள். தூதரகத்துக்கு அனுப்பி முடித்ததும் மீனாட்சியம்மாள், "இனிமே இந்த வாசலுக்கு வராதய்யா. உன் மொகத்தப் பாக்க என்னால முடியாது" என்றாள்.

அடுத்த மாதம் சாஜன் பாண்டுப்பில் ஓர் அறைக்கு மாறினான். தூதரகத்திலிருந்து இரண்டு வரியில் பதில் வந்திருந்தது: கடிதம் அங்குள்ள காவல்துறைக்கு அனுப்பப்பட்டது. அவன் மேலும் மூன்று முறை எழுதிக் கேட்டான். பதில் இல்லை. படகுக்காரரின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது.

மாதம் ஒருமுறை கலைச்செல்வியிடமிருந்து செய்தி வரும்: "அம்மா கேக்க சொன்னா. அவர விட்டாங்களா?"

"தெரியல" என்று பதில் போடுவான். அதற்குமேல் அவள் எதுவும் கேட்பதில்லை.