இருநூற்றுக்குக் குறைவு

கம்பவுண்டர் திருப்பதி தஞ்சாவூரிலிருந்து வந்த கவரைப் பிரித்து, தாளை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தான். "நூத்தி இருவத்தஞ்சு" என்றான்.

"அவ்வளவுதானா?" என்றார் அய்யாக்கண்ணு.

"அவ்வளவுதான். வெவரம் டாக்டரய்யா வந்து சொல்லுவாரு. நான் சொன்னா என்னையத் திட்டுவாரு. அங்கிட்டு ஒக்காருங்க."

கறம்பக்குடி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தார். வெளியே புளியமரத்தடியில், மாடு அவிழ்த்த வண்டியில், மகள் செவந்தி காலை நீட்டிப் படுத்திருந்தாள். பதினாறு வயது. முழங்கால் இரண்டும் பனங்காயாய் வீங்கியிருந்தன. அந்த வருஷம் ஊரில் பாதிப் பேருக்கு மூட்டுக் காய்ச்சல். மற்றவர்கள் பத்து நாளில் எழுந்து களை பறிக்கப் போய்விட்டார்கள். செவந்தி மட்டும் ஒரு மாதமாக எழவில்லை.

போன வாரம் டாக்டர் அவளிடம் ரத்தம் எடுத்தபோது நிதானமாகத்தான் சொன்னார். தொண்டையில் வரும் கிருமி ஒன்று மூட்டை வீங்கவைத்து, கடைசியில் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதுவாக இருந்தால் மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, வருஷக்கணக்காக. பிள்ளை பெறுவதே ஆபத்தாகலாம். கிருமி வந்து போயிருந்தால், உடம்பு அதோடு சண்டை போட்ட தடம் ரத்தத்தில் இருக்கும். தஞ்சாவூரில் அதை அளந்து சொல்வார்கள். இருநூறுதான் எல்லை. இவ்வளவில் அய்யாக்கண்ணுவின் மனதில் நின்றது இரண்டு: பிள்ளை பெற முடியாது, இருநூறு.

அவர் ஊர்க் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் கை. மடையோரம் கோடு போட்ட கல் ஒன்று நிற்கிறது. தண்ணீர் கோட்டைத் தொடாத வருஷம், கடைசி வயல்காரனிடம் போய், "இந்த வருஷம் ஒனக்கு இல்லப்பா" என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்ப்பதில்லை.

எழுபத்தைந்து குறைகிறது.

உச்சிவேளைக்கு டாக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். அய்யாக்கண்ணு பின்னாலேயே உள்ளே போய், சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு நின்றார்.

"என்னய்யா, ஒமக்கு என்ன?"

"கொறையிற எழுவத்தஞ்சை எங்கிட்ட எடுத்துக்கங்கய்யா. பத்தலைன்னா அவ ஆத்தாளையும் கூட்டியாரேன்."

டாக்டர் தாளைப் பார்த்தார். நீட்டிய கையைப் பார்த்தார். திருப்பதி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"யோவ், கூடுனாத்தான்யா ஆபத்து. இது தாண்டவே இல்லை. நெஞ்சுலயும் ரெண்டு தடவை கொழாய வச்சுப் பாத்துட்டேன், சுத்தமா இருக்கு. ஊரைப் புடிச்ச காய்ச்சல்தான் ஒம்ம மகளையும் புடிச்சிருக்கு. வீக்கம் வத்தக் கொஞ்ச நாளாகும், அவ்வளவுதான்."

"அப்பக் கொறைஞ்சது நல்லதா?"

"நல்லது."

"இன்னுங் கொஞ்சம் கொறைஞ்சிருந்தா?"

"ஆசையப் பாரு" என்றான் திருப்பதி. "கையை எறக்குங்க. ஊசியப் போட்டுறப் போறாரு."

வண்டிக்கு வந்தபோதும் சட்டைக் கை சுருட்டியபடியே இருந்தது. செவந்தி எழுந்து உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லையாம் தாயி."

"அதுக்கு எதுக்கு அழுகுறீங்க?"

"யாரு அழுதா? புழுதி."

அவள் சற்று நேரம் அவரையே பார்த்தாள். பிறகு வண்டியின் விளிம்புக்கு நகர்ந்தாள். "எனக்குக் கொய்யாப்பழம் வேணும்."

"இரு, வாங்கியாரேன்."

"நீங்க அழுகலாப் பாத்து வாங்கியாருவீங்க. நானே போறேன்."

சக்கரத்தைப் பிடித்து ஒரு காலை ஊன்றினாள். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததையும் ஊன்றினாள். அவர் கை நீட்டினார். அவள் பார்க்கவில்லை. நீட்டிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். அவள் தெருவில் இறங்கினாள். பாதியில் நின்றாள். மறுபடி நடந்தாள். பட்டுக்கோட்டை பஸ் ஹாரன் அடித்தபடி வந்து இருவருக்கும் குறுக்கே நின்று, ஆளை ஏற்றி, நகர்ந்தது.

புழுதி அடங்கியது. எதிர்ப்புறம், கூடைக்காரி ஏதோ திட்டிக்கொண்டிருக்க, செவந்தி ஒரு காலில் சாய்ந்து நின்று, பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து, திரும்பவும் கூடையில் வைத்துக்கொண்டிருந்தாள்.