தட்டில் நின்ற எலுமிச்சை

ராயபுரத்தில் சிலுவையம்மாள் குடியிருந்த வீட்டை இடித்துக் கிடங்கு கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மழைக்காலம் முடிந்ததும் காலி செய்யவேண்டும். பெரம்பூரில் மாடியறை ஒன்று கிடைத்தது. கொல்லையில் நின்ற எலுமிச்சையைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. யுத்தத்தில் கப்பலோடு மூழ்கிப்போன புருஷன் நட்ட மரம். அவனுக்குக் கல்லறைகூடக் கிடையாது.

பக்கத்து வீட்டு மஜீது துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். முன்பு கப்பலில் வேலை பார்த்தவன்.

"இதுக்கா அழுதுகினு கீறே? ஜப்பான்ல பாத்தேன்க்கா, சோத்துத் தட்டு மாதிரி ஒண்ணுல முழு மரம் நிக்கிது. காய்கூட காய்ச்சிக் கீது."

"இம்மாம்பெரிய மரத்த தட்டுல எப்டிடா வெப்பே?"

"ஒரு கிளைய மட்டும். மரத்துல கீறப்பவே வேர் வுட வெச்சி, அப்பால அறுத்துக்கணும்."

மணிக்கட்டுப் பருமனில் கோணலாக வளைந்த கிளை ஒன்றை அவள் காட்டினாள். மஜீது பட்டையை வளையமாகச் சீவப்போனபோது, "வலிக்கப்போவுது, கொஞ்சமா சீவு" என்றாள். அவனும் கொஞ்சமாகவே சீவினான். மண்ணும் சாணமும் தேங்காய்நாரும் வைத்துச் சாக்கால் கட்டினார்கள். சில வாரம் கழித்துப் பிரித்தால், பட்டை மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தது. வேர் இல்லை.

இரண்டாம் தடவை கத்தியை அவளே வாங்கிக்கொண்டாள். அகலமாகப் பட்டையை உரித்து, வழவழப்புப் போய் வெள்ளைக் கட்டை தெரியும்வரை சுரண்டினாள். மழை இல்லாத நாளெல்லாம் கட்டுக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

மழை விட்டதும் கோடாலியோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். சிலுவையம்மாள் மரத்தை மறித்து நின்றாள்.

"மஜீது வேல முடிஞ்சி வரட்டும். அதுவரிக்கும் சொவர இடிங்க."

மேஸ்திரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆட்களைச் சுவர்ப் பக்கம் அனுப்பினான்.

சாயங்காலம் மஜீது ஓடிவந்து சாக்கைத் தொட்டுப் பார்த்தான். இழைகளுக்கிடையே வெள்ளை வெள்ளையாய் வேர் நீட்டிக்கொண்டிருந்தது. "வந்துட்ச்சிக்கா!" என்று கத்தினான். கட்டுக்குக் கீழே ரம்பம் வைத்து அறுத்தான். மிச்ச மரத்தை ஆட்கள் வெட்டிச் சாய்த்தபோது அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மடியில் இருந்த கிளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரம்பூர் ஜன்னலோரம், அடியில் ஓட்டை போட்ட பீங்கான் தட்டில் அதை நட்டார்கள். கொஞ்ச நாளில் இலையெல்லாம் கொட்டிப்போயிற்று. பார்க்க வந்த மஜீதுக்கு முகமே செத்துவிட்டது.

"நான்தான் உன்ன பேஜார்ல மாட்டிவுட்டேன்."

"கம்முனு இரு." நகத்தால் பட்டையைக் கீறிக் காட்டினாள். உள்ளே பச்சை. "உசுரு கீது. வேர் புடிச்சிகினு கீது."

மாசி பிறந்ததும் கோணல் கணுவில் அரிசி அளவு துளிர் ஒன்று வெடித்தது. மஜீது அடுத்த முறை வந்தபோது, துளிர் அவனுக்குத் தெரியும்படி அவள் தட்டை மெல்ல வெளிச்சத்தின் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, டீ போடப் போனாள்.