கத்தி தொடாத நெல்

ஜெயப்ரியாவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். ஏனாத்தூர் ஆராய்ச்சி வளாகத்தில் அவளோடு வேலை செய்கிறவர்களுக்கு அது தெரியும். குரல் இறங்கியதும் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் அன்று காலை பசுமைக்குடிலில் அவள் எதிரே நின்றவர் ஆய்வகத் தலைவர் காசிநாதன். அவர் யாருக்கும் ஒதுங்குகிற ஆள் இல்லை.

தொட்டிகளில் வரிசையாக நெற்செடிகள். எல்லாம் இடுப்புக்குக் கீழே, கச்சிதமாக, குட்டையாக நின்றன. ஒன்று மட்டும் கல்யாண போட்டோவில் பின்வரிசையிலிருந்து எட்டிப்பார்க்கும் மாமாவைப் போல நெடுநெடுவென்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. வினை அந்த ஒன்றால்தான் வந்தது.

விஷயம் இதுதான். ஐயம்பேட்டைப் பக்கம் அவள் அப்பா அப்பாதுரை பயிரிடும் சம்பா ஆள் உயரம் வளரும். ருசிக்குக் குறைவில்லை. கார்த்திகை மழை காற்றோடு வந்தால் மட்டும் மொத்தமாகப் படுத்துவிடும். படுத்த வயலைப் பார்த்தபடி அப்பா வரப்பில் நின்ற நிற்பு அவளுக்கு மறக்கவில்லை. இந்த ஆராய்ச்சிக்கே அதனால்தான் வந்தாள். நெல்லை உயர்த்துகிற மரபணு ஒன்று இருக்கிறது. அதை வெட்டி முடக்கிவிட்டால் செடி குட்டையாக நின்று மழையைத் தாங்கும். வெட்டுவதற்கு கேஸ்-9 என்கிற நொதி. ஆய்வகத்தில் எல்லாரும் அதைக் கத்தி என்றுதான் சொல்வார்கள். அதையும், எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டும் வழிகாட்டியையும் உள்ளே செலுத்தி, ஒரு விதைக்கு ஒரு செடி என்று வளர்த்தெடுப்பதற்குள் அவள் படாத பாடு பட்டுவிட்டாள்.

நெட்டைச் செடிக்குள்ளும் கத்தி இருந்தது, வழிகாட்டி இருந்தது. வெட்டு மட்டும் விழவில்லை.

காசிநாதன் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். ஒரே ஒரு இழை விட்டுப்போனதற்காக மொத்தப் பட்டுப்புடவையும் கடையிலிருந்து திரும்பி வந்ததைச் சின்ன வயதில் பார்த்தவர். ஆய்வகத்திலும் அவருக்கு அதே சட்டம்தான்.

"வெட்டுன்னு சொன்ன எடத்துலயே வெட்டாத கத்தி, சொல்லாத எடத்துல வெட்டலன்னு எப்டிமா நம்பறது?" என்றார்.

வெள்ளிக்கிழமை மரபணு ஆராய்ச்சிகளைக் கண்காணிக்கிற குழு கூடுகிறது. அதற்குள் காரணத்தைக் காட்டாவிட்டால் குட்டை, நெட்டை எல்லாவற்றையும் எரித்துவிட்டு ஆராய்ச்சியை மூடச் சொல்வேன் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ஜெயப்ரியாவுக்கு அழுகை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு நெட்டைச் செடியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளினாள்.

பயம் செடிகளைப் பற்றித்தான். கத்தியின் மேல் அவளுக்குத் துளி சந்தேகமும் இல்லை. நெல்லின் மரபு முழுக்க ஏ, சி, ஜி, டி என்ற நாலே எழுத்துகளில், கோடிக்கணக்கான எழுத்துகளாக எழுதப்பட்டிருக்கிறது. கத்தி எல்லாவற்றையும் உட்கார்ந்து படிப்பதில்லை. அடுத்தடுத்து இரண்டு ஜி எழுத்து இருக்கிறதா என்று மட்டும் முதலில் தடவிப் பார்க்கும். இல்லையென்றால் நிற்கவே நிற்காது. இருந்தால், அங்கே இரட்டை இழையைப் பிரித்து, வழிகாட்டியின் இருபது எழுத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடும், அதுவும் ஜியை ஒட்டிய முனையிலிருந்து. ஆரம்பத்திலேயே இடறினால் விட்டுவிட்டு நகர்ந்துவிடும். பொருத்தம் கடைசிவரை போனால்தான் உருவம் மாறி இரண்டு அலகையும் இறக்கும். தூரத்து முனையில் ஒன்றிரண்டு எழுத்து இடறினால் சில சமயம் ஏமாறும் என்பது உண்மை. அப்படி ஏமாறக்கூடிய இடங்களைத் தேடித்தேடி குட்டைச் செடிகளில் அவள் ஏற்கெனவே படித்துப் பார்த்திருந்தாள். எங்கேயும் ஒரு கீறல் இல்லை.

இரண்டாம் நாள் நெட்டைச் செடியின் எழுத்துகள் திரையில் வந்தன. இருபதும் அச்சு அசலாக அப்படியே இருந்தன. பக்கத்தில் இருக்க வேண்டிய இரண்டு ஜியில் ஒன்றுதான் இருந்தது. மற்றது இருக்க வேண்டிய இடத்தில் டி. அந்த ஓர் எழுத்து மாறியதால் செடிக்கு லாபமுமில்லை, நஷ்டமுமில்லை. கத்திக்கு மட்டும் அங்கே நுழைய வழியில்லை. அடப் பாவமே, உன்னைப் போய்க் குற்றம் சொன்னார்களே என்று அவள் அந்தக் கத்தியிடமே மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

காசிநாதன் பார்த்தார். ஆனால் மனுஷன் மசியவில்லை. கத்தி வெட்டி, செடி ஒட்டுப்போட்டபோது எழுத்து மாறியிருந்தால் என்ன செய்வாய், அந்த டி முன்னாலேயே இருந்தது என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார். வேலையைத் தொடங்கும் முன் எத்தனை விதையைப் படித்துப் பார்த்தாய் என்றும் கேட்டார். ஜெயப்ரியாவுக்கு முகம் சுட்டது. ஒரே ஒரு விதையைத்தான் படித்திருந்தாள். விதை அப்பாவின் நெற்குதிரிலிருந்து வந்தது. எங்கள் வீட்டு நெல்லில் ஒரு மணி கலப்பு கிடையாது என்று அப்பா ஊர் முழுக்க மார்தட்டுவார். மகளும் அதை நம்பித் தொலைத்திருந்தாள்.

அன்று சாயங்காலமே ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அப்பாதுரை சாப்பிட உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மெஷின் தப்பு, கம்ப்யூட்டர் தப்பு, உங்கள் சார் தப்பு என்று அடுக்கினார். அம்மா அலமு பரிமாறிய கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே போட்டுவிட்டு நின்றாள்.

"கலந்தது நான்தான்" என்றாள். "பெருவெள்ளம் வந்த வருஷம் குதிர்ல பாதி நெல்லு முளைச்சிப் போச்சி. வெதைக்கு இன்னா பண்றது? உங்க அண்ணன் வூட்ல போய் வாங்கியாந்தேன். கொல்லப்பக்கமா."

அப்பாதுரை கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அண்ணன் முனுசாமி வீடு நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறது. கூட்டுக் கிணற்றில் தண்ணீர் முறையில் வந்த சண்டை. அதற்கப்புறம் இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்காருவதில்லை, எதிரே வந்தால் ஒருவர் சந்துக்குள் திரும்பிவிடுவார். முனுசாமியும் அதே சம்பாதான் விதைக்கிறார், ஆனால் விதை செய்யாற்றுப் பக்கம் மாமியார் ஊரிலிருந்து வந்தது. அந்த நெல் இத்தனை வருஷமாகத் தன் வயலில் தன் நெல்லோடு கட்டிப்புரண்டு வளர்ந்திருக்கிறது என்றால் அப்பாதுரைக்கு எப்படி இருக்கும்!

ஜெயப்ரியாவுக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் தலைக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பாவின் விதையில் கத்தியின் வாசனையே பட்டதில்லை. அதில் அந்த டி இருந்துவிட்டால் வேறு சாட்சியே வேண்டாம். அம்மா மறுபடியும் கொல்லைப்பக்கமாகப் போய் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினாள். ஜெயப்ரியா தடுத்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள். அவள் குரல் இறங்கியிருந்தது.

"நாளைக்கு நாலு பேர் முன்னாடி நின்னு, இது எங்க பெரியப்பா வூட்டு வெதைன்னு நான் சொல்லணும்பா. திருட்டுத்தனமா வந்ததை வெச்சிக்கினு அப்டி சொல்ல முடியாது. நீ வந்து கேளு. இல்லாட்டி என் செடியெல்லாம் எரிச்சிடுவாங்க."

அப்பாதுரை எழுந்து கையைக் கழுவினார், சட்டையை மாட்டினார், பொத்தானை மாற்றிப் போட்டார், கழற்றி மறுபடியும் போட்டார். அந்த நாலு வீட்டைத் தாண்ட அவருக்கு அவ்வளவு நேரம் ஆனது.

முனுசாமி வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்ததும் துடைத்த கை நின்றது. ஜெயப்ரியாதான் பெரியப்பா என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். கத்தி எப்படித் தேடும், இரண்டு ஜி எதற்கு, நெட்டைச் செடி ஏன் தப்பித்தது என்று அவள் சொல்லச்சொல்ல, முனுசாமிக்கு மற்றதெல்லாம் புரிந்ததோ இல்லையோ, தன் நெல்லை அந்தக் கத்தியால் தொட முடியவில்லை என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. அவர் மீசை ஒரு பக்கமாக ஏறியது.

அப்பாதுரை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஒரு பிடி வெதை குடுண்ணா."

"ஒரு பிடிக்கா இத்தினி வருஷம் கழிச்சி வந்த?" என்றார் முனுசாமி. உள்ளே போனவர் ஒரு மரக்கால் நிறைய அள்ளி வந்தார்.

இரண்டு வீட்டு விதையோடும் அன்று இரவே ஆய்வகத்துக்குத் திரும்பி, விடிய விடிய வேலை செய்தாள். வெள்ளிக்கிழமை காலை குழு கூடும் முன்பே திரையில் எல்லாம் வந்துவிட்டது. முனுசாமி வீட்டு விதையில் எடுத்துப் பார்த்த மணியிலெல்லாம் டி. அப்பாதுரை குதிரில் பெரும்பாலும் ஜி, நடுநடுவே டி. ஜி இருந்த விதையிலிருந்து வந்த செடி ஒவ்வொன்றிலும் கத்தி மிகச்சரியாக ஒரே இடத்தில் வெட்டியிருந்தது. டி இருந்த ஒன்றை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

காசிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். கத்தியிடம் குறையில்லை, தறிப் பாவில்தான் இரண்டு நூல் கலந்திருக்கிறது என்றார். இனிமேல் ஒவ்வொரு விதையையும் படித்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும், அப்பா சொன்னார் ஆட்டுக்குட்டி சொன்னது என்றெல்லாம் வரக்கூடாது என்று ஒரு திட்டும் விழுந்தது. குட்டைச் செடிகள் அப்படியே வளரட்டும், நெட்டையையும் எரிக்க வேண்டாம், குழுவுக்குக் காட்ட அதைவிட நல்ல அத்தாட்சி இல்லை என்று முடித்தார்.

ஜெயப்ரியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வராந்தாவுக்கு ஓடிவந்து அப்பாவின் செல்லுக்கு அடித்தாள். நீளமாக மணி அடித்து, யாரோ எடுத்தார்கள். பின்னால் தட்டு, டம்ளர் சத்தமும் அப்பாவின் சிரிப்பும் கேட்டன.

"உங்கப்பன் எங்க வூட்ல சாப்டுக்கினு இருக்கான்மா, கை எச்சில்" என்றார் முனுசாமி. "இன்னா விஷயம், எங்கிட்டயே சொல்லு. என் நெல்லுதான அது?"