மதிலுக்கு வெளியே நின்றவர்கள்

டேனியலை அடக்கம் செய்த அன்று அவன் அம்மா கங்கையம்மாளுக்கு அழுகை வரவில்லை. அவள் காது முழுக்கக் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு அப்பால் இருந்தது.

இரும்புக் கேட்டருகில் அவள் தம்பி சிட்டிபாபு இரண்டு ஆட்களோடு காவல் நின்றான். டேனியலோடு ஒரே வீட்டில் இருந்த உமாபதி உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். நிற்கச் சொன்னவள் கங்கையம்மாளேதான். "அவன் வந்து என் புள்ள மேல மண்ணு போடக் கூடாது. இவன் இன்னா மொறைன்னு நாலு பேரு கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?" என்று காலையிலேயே தம்பியிடம் சொல்லியிருந்தாள்.

உமாபதி தனியாக வரவில்லை. ஐயம்பேட்டையில் தகரக் கூரை போட்ட சின்ன ஜெபவீட்டில் கூடுகிற சபையார் எல்லாரும் அவனோடு ஒரே வேனில் வந்து இறங்கினார்கள். சிட்டிபாபு போதகர் இளங்கோவனிடம் போய், "ஐயா, நீங்கள்லாம் உள்ள வாங்க. இவரு மட்டும் வேணாம்" என்றான்.

போதகர் வாக்குவாதம் எதுவும் செய்யவில்லை. "அப்போ நாங்களும் இங்கயே நின்னுக்கறோம்பா" என்றார்.

லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும் ரோட்டோரத்தில் அவர்கள் நின்றார்கள். உள்ளே பெட்டி குழிக்குள் இறங்கும்போது வெளியே பாட்டு எழுந்தது. அத்தனை குரல்களுக்கு நடுவில் ஒரு குரல் மட்டும் உடைந்து நின்று, மறுபடி வந்து சேர்ந்துகொண்டது. அது யாருடைய குரல் என்று கங்கையம்மாளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

கங்கையம்மாள் மாணவர் விடுதியில் சமையல் செய்பவள். புருஷன் போன பிறகு கரண்டி பிடித்தே டேனியலை ஆளாக்கினாள். கல்யாண மண்டபங்களுக்கு லைட்டும் மைக்செட்டும் போடும் தொழில் அவனுக்கு. அப்படி ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில்தான் உமாபதி பழக்கமானான். உமாபதி வீட்டார் தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்கிற சைவக் குடும்பம். அவன் புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தான். இருவரும் ஐயம்பேட்டையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தபோது, கூட்டாளிகள், செலவை மிச்சம் பிடிக்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள்.

ஒரு நாள் பெண் பார்க்கும் பேச்சை எடுத்தாள். டேனியல் அடுப்படியில் வந்து நின்றான்.

"கல்யாணம் வேணாம்மா. நானும் உமாவும் ஒண்ணா இருக்கோம். மத்தவங்க புருஷன் பொண்டாட்டியா இருக்கற மாதிரி."

அவள் கொதிக்கிற குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் செத்ததுக்கு அப்புறம் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள்.

செய்தி அவள் போகும் சர்ச்சான பெரிய கோயிலுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒருவர் எழுந்து, டேனியலின் பெயரைச் சொல்லியே, வழிதவறிய மகனுக்காக ஜெபித்தார். டேனியல் அப்போது மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஜெபம் முடியும்வரை இருந்துவிட்டு எழுந்து போனான். அதன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

ஐயம்பேட்டையில் நடந்தது வேறு. இளங்கோவன் சபை நடுவில் நின்று, "இவங்க ரெண்டு பேரும் நம்ம பிள்ளைங்க. ஒண்ணா உக்காரட்டும். யாருக்கும் ஒளிஞ்சி வரவேணாம்" என்றாராம். உமாபதி நெற்றியில் திருநீற்றோடே வந்தான். அதை அழிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பாதிக் குடும்பங்கள் சபையை விட்டு விலகின. காணிக்கை குறைந்து போதகர் டியூஷன் எடுக்கப் போனார். இதைக் கேள்விப்பட்டபோது கங்கையம்மாள், "நல்லா வேணும்" என்று சொன்னாள். டேனியல் ஞாயிறு தவறாமல் போன் செய்து, "ஒரு தடவ வந்து பாரும்மா" என்று கூப்பிட்டபோதெல்லாம், விடுதியில் வேலை இருக்குது என்றாள்.

ஆவணி மாதத்தில், மழையில் நனைந்த பந்தலுக்கு சீரியல் லைட் கட்டும்போது டேனியலை மின்சாரம் தாக்கியது. கூடப் போயிருந்த உமாபதிதான் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். உயிர் அதற்குள் போயிருந்தது. உடம்பைத் தாயிடம்தான் கொடுத்தார்கள். உமாபதி சட்டையெல்லாம் சேறோடு பக்கத்தில் வந்து, "நானும் வேன்ல வரட்டுமாம்மா?" என்று கேட்டான்.

"இடம் இல்ல" என்றாள். வேன் காலியாகத்தான் இருந்தது.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து, பெரிய கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி ஆறுதல் சொல்லத் தொடங்கினாள். கையைப் பிடித்துக்கொண்டு, "மனச விட்டுடாதக்கா. ஒரு வகையில நல்லதாப் போச்சுன்னு நெனச்சுக்கோ. இருந்திருந்தா இன்னும் எத்தினி கேவலம்?" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் கங்கையம்மாளுக்குத் தாங்கவில்லை. கையை உருவிக்கொண்டு எழுந்தாள்.

அடுத்த ஞாயிறு ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டையில் இறங்கினாள்.

ஜெபவீட்டு வாசலில் நெட்டையாக ஒரு திருநங்கை பாட்டுப் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தாள். கங்கையம்மாளைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றது.

"டேனி அம்மாதானே? வாங்கம்மா. நான் சுகாசினி."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அதே மூக்குதானேம்மா" என்று சொல்லி, அவள் கையைப் பிடித்து மின்விசிறிக்கு நேரே உட்கார வைத்தாள். மதிலுக்கு வெளியே நின்றவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். திரும்பிப் பார்த்தவர்கள் தலையசைத்தார்களே தவிர, ஒருவர்கூட அந்த நாளைப் பற்றிப் பேசவில்லை. கங்கையம்மாளுக்கு அதைவிட அடித்திருக்கலாம் என்றிருந்தது.

பாட்டு தொடங்கியபோது, "எம்புள்ள இங்க பாடுவானா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பாடுவானாவா? சுருதியே சேராதும்மா. ஆனா எல்லாரையும்விட சத்தமா அவன்தான் பாடுவான்" என்று சுகாசினி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. பெற்றவளுக்குத் தன் மகன் பாடுவான் என்பதே தெரிந்திருக்கவில்லை.

ஆராதனை முடிந்து பின்பக்கம் சாப்பாடு. உமாபதி பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். கங்கையம்மாள் அவனைத் தனியே கூப்பிட்டாள். வழியெல்லாம் மனதில் கூட்டி வைத்திருந்ததைச் சொன்னாள்.

"அன்னிக்கு நான் செஞ்சது பாவம்பா. இப்பவே வா. நானே கூட்டிக்கினு போறேன். உன் கையால மண்ணு போடு."

உமாபதி வாளியைக் கீழே வைத்தான். "நான் மறுநாளே போயிட்டேம்மா. வாட்ச்மேன் ஒண்ணும் சொல்லல. அப்பப்ப போயிக்கினுதான் இருக்கேன். இப்ப போடறதுக்கு இன்னா இருக்குது? மேல புல்லு மொளச்சிடுச்சு."

அவள் கொடுக்கக் கொண்டுவந்தது ஒன்றே ஒன்றுதான். அதுவும் அவனுக்குத் தேவைப்படவில்லை.

"என்னப் பத்தி ஏதாச்சும் பேசுவானா?"

"நெறைய பேசுவான். உங்க கருவாட்டுக் கொழம்பு, நீங்க திட்டறது, எல்லாத்தையும் சொல்லிச் சொல்லி சிரிப்பான். ஞாயித்துக்கெழம மட்டும் பேச மாட்டான். பிரசங்கம் முடியற வரைக்கும் வாசலயே பார்த்துக்கினு உக்காந்திருப்பான்."

குழியருகே வராத அழுகை அப்போது வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். உமாபதி தொடவுமில்லை, விலகிப் போகவுமில்லை. அவள் ஓயும்வரை நின்றுவிட்டு, "மன்னிச்சிட்டேன்னு பொய் சொல்ல எனக்கு வரலம்மா" என்றான். "சாப்பிட்டுட்டுப் போங்க. வெறும் வயித்தோட போனா அவனுக்குப் புடிக்காது."

அவள் சாப்பிட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஐயம்பேட்டைக்குத்தான் போனாள். விஷயம் தெரிந்து சிட்டிபாபு அவள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். சபையாரின் சமையலில் அவளும் சேர்ந்துகொண்டாள். சுகாசினி அவளை வாய் நிறைய அம்மா என்று கூப்பிட்டாள். உமாபதி கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொல்வான். தானாக எதுவும் பேச மாட்டான்.

வருஷம் திரும்பிய அன்று அவள் சாமந்திப் பூவோடு கல்லறைக்குப் போனாள். உமாபதி அவளுக்கு முன்பே வந்து மண்ணில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து நிழலில் இடம் விட்டான். அவள் உட்கார்ந்தாள். வெயில் ஏறும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். பிறகு அவன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "வரேம்மா" என்று சொல்லிவிட்டு, ஐயம்பேட்டைக்குப் போகும் ஆட்டோவில் ஏறினான். அவள் எதிர்த் திசை ஆட்டோவுக்காக ரோட்டோரத்தில் நின்றாள்.