பத்தாவது படம்

"நம்ம ஊர்ல பேர் சொல்ற மாதிரி பொம்பளை யாராவது இருந்தாங்களா, ஸ்தோயங்காக்கா?"

மூன்று வருடங்களுக்கு முன்பு நூலக இயக்குநர் ரலித்சா கேட்டது இது. கிண்டலில்லை, ஊருக்குப் புதியவள், தெரியாமல்தான் கேட்டாள். மகளிர் தினமான மார்ச் எட்டாம் தேதிக்கு நூலகக் கூடத்தில் மாட்டும் படங்கள் எல்லாம் தலைநகர் சோபியாவிலிருந்து வந்தவை. எழுத்தாளர்களும் பத்திரிகைக்காரர்களுமாக ஒன்பது பெண்கள், ஒன்பது பேரும் இறந்தவர்கள். இருபத்தாறு வருடமாக அவர்களைத் துடைத்து மாட்டி, ஏப்ரலில் கழற்றி வைப்பது நூலக ஊழியர் ஸ்தோயங்காவின் வேலை.

அன்று அவள் நினைவில் உடனே வந்தவள் மலினா. ஊர் வானொலியின் குரல். சமையலறைச் சுவர்தோறும் இருந்த பெட்டியில், காலை ஆறு மணிக்கு, ஆற்றின் நீர்மட்டத்தையும் ரொட்டி வரும் நேரத்தையும் சொல்லிவிட்டு, தானே எழுதிய குட்டிக்கதை ஒன்றை வாசிப்பாள். நிலையத்தை மூடியபோது ஒலிநாடாக்களைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஸ்தோயங்கா நடையாய் நடந்து, இந்த வருடம் மலினாவைப் பத்தாவது படமாக மாட்ட அனுமதி வாங்கினாள். எண்பத்து மூன்று வயது மலினா நேரில் வந்து ஒரு கதை வாசிக்கச் சம்மதித்தாள். ரலித்சா பதிவு செய்வதாக ஏற்பாடு. அடுத்த வாரம் மலினாவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. இன்று விட்டால் அந்தக் குரல் போனதுதான்.

காலையில் கார்னேஷன் வாங்கப் போனபோது பூக்காரி வழக்கம்போலக் கேட்டாள்.

"யாருக்கு? இருக்கிறவங்களுக்கா, போனவங்களுக்கா?"

"ஒன்பது பேர் போனவங்க. ஒருத்தங்க இருக்காங்க."

"அப்போ போனவங்களுக்கு ரெட்டைப்படை, ஒன்பது ஜோடி. இருக்கிறவங்களுக்கு ஒத்தைப்படை, மூணு. ஏன்டி மூஞ்சி இப்படிக் கெடக்கு? உனக்கும் ஜோடியாக் கட்டிரட்டுமா?"

"கட்டு. நிம்மதியாப் படுத்துக்குவேன்."

பேருந்து நெரிசலில் ஒரு காம்பு ஒடிந்தது. இறங்கியதும் எறிந்துவிட்டாள். அப்புறம் ஏணி, ஆணி, நாற்காலிகள். மூன்று மணிக்குக் கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. பத்துக் கண்ணாடித் தம்ளர்களை வரிசையாக வைத்து, கையிலிருந்த பூக்களை இரண்டிரண்டாகப் போட்டாள். குறையாமல் சரியாக வந்ததே என்று மட்டும்தான் தோன்றியது.

நாலு மணிக்கு மலினா வந்தாள். நல்ல கோட்டு, உதட்டில் சாயம். கூடத்தில் இருபது பேர். தன் படத்துக்குக் கீழே '1941 –' என்று இருந்ததைப் பார்த்துச் சிரித்தாள்.

"பொறந்த வருஷத்துக்கு அந்தப் பக்கம் இடம் விட்டிருக்கியே, கெட்டிக்காரி!"

கரகரத்தாலும் அதே குரல்.

"தொடங்கலாமா, மலினாம்மா?" ரலித்சா கைபேசியை உயர்த்தினாள்.

மலினா காகிதத்தைப் பிரித்து மூக்குக்கண்ணாடியை மாட்டினாள். கண்ணாடி போட்ட பிறகுதான் படத்தடியில் இருந்த தம்ளர் தெளிவாகத் தெரிந்தது. விரலால் ஒரு பூவைத் தொட்டாள். பிறகு மற்றதை. மூன்றாவது இல்லை.

முன்வரிசையில் ஒருத்தி சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். "உயிரோட இருக்கிறப்பவேவா!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஐயோ, மலினாம்மா! ஒண்ணு பஸ்ல ஒடிஞ்சு போச்சு... காலையிலேருந்து நின்னு நின்னு... நெனச்சே செய்யல..." ஸ்தோயங்கா ஓடிப்போய் ஒரு பூவை உருவினாள். தண்ணீர் மலினாவின் காலணியில் சொட்டியது. இப்போது தம்ளரில் ஒன்றுதான், கணக்கு சரி. உருவியதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மலினாவின் முகத்தில் கோபம் இல்லை. பல நாள் தூக்கமில்லாதவளின் முகம் அது. இத்தனை நேரம் சாயமும் சிரிப்பும் அதை மறைத்திருந்தன. காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"ஒரே ஒரு பக்கம், மலினாம்மா. நாலு வரி போதும்," என்றாள் ரலித்சா.

மலினா கோட்டின் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டாள். கைத்தடியை எடுத்துக்கொண்டாள். நாற்காலிகளுக்கு நடுவே மெல்ல நடந்து வெளியே போனாள்.