மூடிமேல் முருகைக்கல்

எழுவைதீவுப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. படகேறுகிற நாளில் விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. படகில் ஒதுங்க இடமில்லை, சுற்றிவர ஆண்கள். ஜெனீற்றாவும் அன்று காலை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு வெறுந்தொண்டையோடுதான் புறப்பட்டாள். குசினியில் தண்ணீர்ப் பீப்பாவைத் தாண்டும்போது அந்தச் சத்தம் கேட்டது. தண்ணீர் அள்ளும் பேணி பீப்பாவின் விளிம்பில் தட்டுப்படும் சத்தம். திரும்பிப் பார்த்தாள். பேணி ஆணியில் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

அது செத்துப்போன அம்மாதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அம்மா அந்தோனியம்மாவுக்கு ஒரு வருத்தம் இருந்தது. நின்றால் சிறுநீர் முட்டும் அந்தரம், இருந்தாலும் அந்தரம். அடிவயிற்றைப் பொத்திக்கொண்டு பின்வளவுக்கு ஓடுவாள். கிருமி என்று குளிசை கொடுத்தார்கள், கேட்கவில்லை. பிறகு கடற்கரையில் ஏதோ பிடித்துவிட்டது என்று கதை கிளம்பியது. ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? அப்பா குருசுமுத்து ஊர்வாயை விட்டுவிட்டுப் பீப்பாவை மூடினார். "குடிச்சால்தானே போகவேணும்" என்று மூடிமேல் ஒரு முருகைக்கல்லைத் தூக்கி வைத்தார். அவர் கடலுக்குப் போன நேரங்களில் அம்மா கல்லை இறக்குவாள். அதைத் திரும்பத் தூக்கி வைத்தது ஜெனீற்றா. அம்மா சுகப்படவேண்டும் என்றுதான் வைத்தாள். கடைசியில் காய்ச்சலில் கிடந்தபோதும் அம்மா கேட்டது தண்ணீர் மட்டும்தான்.

இப்போது அதே அந்தரம், அதே நோவு இவளுக்கு.

"ஆஸ்பத்திரி மிசினிலை ஒண்டும் இல்லையெண்டு வந்தால்?" படகில் கணவன் டெனிஸ்ரனிடம் கேட்டாள்.

"வந்தால் நல்லதுதானே."

"இல்லையப்பா. அப்ப அம்மாதான் என்னைப் பிடிச்சிருக்கிறா."

டெனிஸ்ரன் பேய்க்குப் பயப்படாதவன், பெண்சாதியின் முகத்துக்குப் பயந்தவன்.

யாழ்ப்பாணத்தில் டொக்டர் பவதாரணி அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "தண்ணி குடிச்சிட்டு, சலம் முட்டினாப்போலை வரச் சொன்னனானெல்லே?"

"படகிலை ஏலாது, டொக்டர்."

டொக்டர் பெருமூச்சு விட்டார். "சரி, சலப்பையைக் குழாயாலை நாங்களே நிரப்புறம். கேளுங்கோ. உங்கட சலத்திலை கிருமி இல்லை. மிச்சம் ரெண்டு வருத்தம், வெளியிலை பார்க்க ஒரே மாதிரி. ஒண்டிலை சலப்பை தன்பாட்டிலை சுருங்கி அந்தரப்படுத்தும். மற்றதிலை பை சுருங்காது, நிரம்ப நிரம்ப நோகும். எப்ப என்ன செய்யுதெண்டு எனக்குச் சொல்லவேணும்."

தண்ணீர் மெல்ல இறங்கியது. பை சுருங்குவதைக் காட்டும் கோடு திரையில் அசையவே இல்லை. ஒன்றும் இல்லையோ? ஜெனீற்றா கண்ணை மூடி மாதாவைக் கூப்பிட்டாள். அடுத்த நிமிடம் அந்தப் பழைய நெருப்பு எழும்பி, அவள் கத்தியேவிட்டாள். தண்ணீரை வடித்ததும் நோவும் வடிந்தது. பிறகு உணர்வு மரக்கப் பண்ணிக் கமராவையும் விட்டுப் பார்த்தார்கள்.

"கட்டி ஒண்டும் இல்லை, புற்றும் இல்லை" என்றார் டொக்டர். "பை சுருங்கேல்லை, ஆனால் உள்சுவர் புண்பட்டுக் கிடக்கு. இது சலப்பை நோ. அடியோடை மாறாது, அடக்கி வைக்கலாம்."

ஜெனீற்றாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பெயருள்ள வருத்தம்! அம்மா அவளைப் பிடிக்கவில்லை, அம்மா பழிவாங்க வரவில்லை.

"ஒண்டு சொல்லுறன், தண்ணியை மட்டும் நிப்பாட்டாதேங்கோ" என்றார் டொக்டர். "சலம் தடிச்சால் அந்தச் சுவரிலை பட்டு எரியும்."

ஜெனீற்றாவின் சிரிப்பு நின்றது. "குடியாமல் விட்டால் கனக்க எரியுமோ, டொக்டர்?"

"ஓம். புண்ணிலை புளி விட்ட மாதிரி."

திரும்பும் படகில், அம்மா இறக்கிய கல்லைத் திரும்பத் தூக்கி வைத்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டெனிஸ்ரன் நீட்டிய போத்தல் தண்ணீரை எல்லோரும் பார்க்கக் குடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே குசினிக்குள் போனாள். காகம் வாய்வைக்காமல் அந்தக் கல் இன்னும் மூடிமேல்தான் இருந்தது. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய் வேலிக்கு அப்பால் எறிந்தாள். வந்து ஒரு பேணி தண்ணீர் அள்ளிக் குடித்தாள். பேணியை ஆணியில் கொழுவிவிட்டுத் திரும்பினாள்.

பின்னால், பீப்பாவின் விளிம்பில் அதே சத்தம்.

இந்தமுறை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"குடியுங்கோ அம்மா" என்றாள். "ஒருத்தரும் மூடமாட்டினம்."