சொந்தக்காரக் கதவு

வெயில் ஏறுவதற்கு முன்பே புறநோயாளிகள் கூடத்தில் பெஞ்சுகள் நிறைந்துவிடும். இடம் கிடைக்காதவர்கள் தூணில் சாய்ந்துகொள்வார்கள். தூணும் கிடைக்காதவர்கள், யாராவது எழுந்திருக்கமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டே நிற்பார்கள். எதிரே டாக்டர் அறையின் பெரிய கதவு. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளி டோக்கன் எண்ணைக் கூப்பிட்டால்தான் அது திறக்கும்.

அந்த அறைக்கு இன்னொரு கதவும் உண்டு. தண்ணீர்க் குழாயைத் தாண்டி, துடைப்பமும் வாளியும் வைக்கிற சந்தில், பச்சைப் பெயின்ட் அடித்த சின்னக் கதவு. டாக்டர் வந்து போவதற்காக வைத்தது. நாளடைவில் டாக்டரைத் தெரிந்தவர்கள் அதில் வந்தார்கள். பிறகு டாக்டரைத் தெரிந்தவரைத் தெரிந்தவர்கள். அப்புறம் நர்சின் நாத்தனார், காவலாளியின் சகலை, ஆஸ்பத்திரிச் சேர்மன் வீட்டு டிரைவர். ஊழியர்கள் அதற்குச் சொந்தக்காரக் கதவு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெஞ்சில் இருப்பவர்களுக்கு அது கண்ணில் படாது. 'ஏன் இவ்வளவு நேரம் நம்மைக் கூப்பிடவில்லை' என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கூடத்தைக் கவனித்துக்கொண்டவள் புதிதாகச் சேர்ந்திருந்த உதவி மேலாளர். மருத்துவமனை நிர்வாகம் படித்தவள், அவள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். இன்னும் பயிற்சிக்காலம் முடியவில்லை. டோக்கன் விஷயத்தில் யாருக்கும் வளைந்துகொடுக்காததால் ஊழியர்கள் அவளுக்குக் 'கறார்' என்று பட்டப்பெயர் சூட்டியிருந்தார்கள். அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அவள் கறார் ஒரே ஒருவரிடம் செல்லாது. அது அவளுடைய தாய்மாமா.

செல்லாததற்குக் காரணம் இருந்தது. அவள் இந்தப் படிப்பில் சேர்ந்தபோது சொந்தபந்தமே சிரித்தது. "டாக்டரும் இல்ல, நர்சும் இல்ல. அப்ப ஆஸ்பத்திரியில போய் என்ன பண்ணுவா? கதவு தொறந்து விடுவாளா?" என்று பெரியப்பா கேட்டார். எல்லாருக்கும் நடுவில் மாமாதான் எழுந்து நின்றார். "ஊசி போட ஆள் இருக்குங்க. அந்த ஊசி வந்து சேரணும், டாக்டர் வந்து சேரணும், ஆபரேஷன் நடக்கும்போது கரண்ட் போகாம இருக்கணும். இதையெல்லாம் யோசிக்க ஒரு மண்டை வேணாமா? அந்த மண்டை எங்க அக்கா பொண்ணு."

மாமா வேன் ஓட்டுகிறவர். அவளுக்கு வேலை கிடைத்ததும் அவர் நடையே மாறிப்போனது. சலூனில் உட்கார்ந்தாலும், பஞ்சர் கடையில் நின்றாலும், யாராவது இருமினால் போதும். "ஆஸ்பத்திரியா? கவலைய விடு. உள்ள நம்ம ஆள் இருக்கு." அவர் கெட்டவர் இல்லை. உபகாரம் செய்கிறோம் என்றுதான் நினைத்தார். இந்த மாதிரி நல்லவர்களால்தான் அந்தச் சந்தில் எப்போதும் கூட்டம்.

அன்றைக்கும் ஃபோன் வந்தது.

"மேனேஜரம்மா, கூடத்துலதான் நிக்கிறோம். எங்க வீட்டு ஓனரைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"என்ன செய்யுதாம் மாமா அவருக்கு?"

"ஒண்ணும் செய்யல. பழைய ஸ்கேன் ஒண்ணு இருக்கு. டாக்டர் ஒரு பார்வை பாத்து, பயப்பட ஒண்ணுமில்லன்னு சொன்னா மனுஷன் நிம்மதியா தூங்குவாரு."

"டோக்கன் வாங்கி உக்காரச் சொல்லுங்க."

"அடி போடி. டோக்கன் வாங்கறதுக்கு நான் எதுக்கு? உம் மேல சத்தியமா இதுதான் கடைசி. அவர்கிட்ட சொல்லிட்டேன்டா, மாமா மானத்த வாங்கிடாத."

அவள் வருவதற்குள் மாமா பெஞ்சின் ஓரத்தில் கொஞ்சம் இடம் பிடித்து உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு வெல்டர், மனைவியோடு வந்திருந்தார். கனத்த உடம்பு, சட்டையெல்லாம் தீப்பொறி பட்ட ஓட்டைகள். அவர் கையில் இருந்த டோக்கன் நழுவிக் கீழே விழுந்தது. மாமா எடுத்துக் கொடுத்தார். சற்று நேரத்தில் மறுபடியும் விழுந்தது.

"என்னண்ணே, டோக்கனுக்கு உங்களப் பிடிக்கலையா?" என்றார் மாமா. பெஞ்சில் நாலு பேர் சிரித்தார்கள்.

வெல்டரும் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது. "கை மரத்துப்போன மாதிரி இருக்குங்க. காலைலேர்ந்து எதைப் பிடிச்சாலும் நிக்க மாட்டேங்குது." பேச்சும் லேசாகக் குழறியது.

"வாட்ச்மேன் தம்பிகிட்ட சொன்னேன். வரிசைல வாங்கன்னுட்டாரு" என்றாள் அவர் மனைவி. "பரவால்ல, இன்னும் ரெண்டு பேர்தான்."

அப்போதுதான் கறார் வந்தாள். மாமாவைப் பார்த்தாள். பின்னால் மடிப்புக் கலையாத சட்டையில் நின்ற வீட்டு ஓனரைப் பார்த்தாள். பெஞ்சை ஒருமுறை பார்த்தாள். பார்த்தாளே தவிர, கவனிக்கவில்லை. பெஞ்சு என்றால் கூட்டம் என்று பழகிப்போன கண் அது. "சீக்கிரம் முடிச்சிட்டு வந்துடுங்க" என்று முணுமுணுத்தபடி இருவரையும் சந்துக்குள் அழைத்துப்போய்ப் பச்சைக் கதவைத் திறந்துவிட்டாள்.

சீக்கிரம் முடியவில்லை. வீட்டு ஓனரும் டாக்டரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களாம். ஸ்கேனைப் பார்த்து முடித்ததும் பழைய வாத்தியார்கள் வந்தார்கள், பிள்ளைகளின் படிப்பு வந்தது, ஓனர் கட்டுகிற புது வீடு வந்தது. மாமாவும் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில்தான் வெளியே அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. "ஐயோ, யாராவது வாங்களேன்!"

வெல்டர் பெஞ்சுக்கும் தரைக்கும் நடுவே சரிந்து கிடந்தார். கறார்தான் முதலில் ஓடினாள். ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவரச் சொல்லி, அவரை அவசரப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். பெரிய கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த மாமாவின் காலடியில் அந்த டோக்கன் கிடந்தது. மூன்றாவது முறையாக அதை எடுத்தார். கொடுப்பதற்கு ஆள் இல்லை.

வந்தது பக்கவாதம். உயிர் தப்பியது. அவசரப் பிரிவு டாக்டர் யாரையும் திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்: "உள்ள நுழைஞ்ச உடனே யாராவது பாத்து எங்ககிட்ட அனுப்பியிருந்தா இடது கையக் காப்பாத்தியிருக்கலாம். இப்ப பயிற்சி குடுத்துப் பாக்கணும். முழுசா வருமான்னு சொல்ல முடியாது."

இரண்டு கையும் இருந்தால்தான் வெல்டிங்.

அன்று மாலை அவள் கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள். கண்காணிப்பாளர் ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த அம்மா. யாரோடும் சண்டை வேண்டாம் என்று முடிவெடுத்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

"பச்சைக் கதவைப் பூட்டணும் மேடம். டோக்கன் குடுக்கற இடத்துலயே ஒரு நர்ஸ் வேணும். வர்ற ஒவ்வொருத்தரையும் முதல்ல அவங்க பாக்கணும். யாருக்கு அவசரமோ அவங்க முதல்ல போகணும்."

"வந்த வரிசைதானேம்மா நியாயம்?"

"சினிமா டிக்கெட்டுக்கு நியாயம் மேடம். இங்க இல்ல. நான் அந்தக் கதவைத் திறக்காம இருந்திருந்தாகூட, ரெண்டு பேர் முடியற வரைக்கும் அவர் அங்கதான் உக்காந்திருப்பாரு. ஆனா திறந்தேன். அதுதான் இன்னும் மோசம்."

"சேர்மன் வீட்டு ஆளுங்க வருவாங்க. உன் பயிற்சிக்காலம் அடுத்த மாசத்தோட முடியுது. உன்னை நிரந்தரமாக்கணும்னு நான் எழுதினாலும், மேல அவங்கதான் கையெழுத்துப் போடணும். தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"வீட்ல வேற யாரு சம்பாதிக்கறாங்க?"

"நான் மட்டும்தான்."

கண்காணிப்பாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். "சரி, பூட்டிப் பாரு. முதல்ல சண்டைக்கு வரப்போறது உன் சொந்தக்காரனாத்தான் இருக்கும்."

சண்டைக்கு மாமா வரவில்லை. டாக்டர் வந்தார். "நான் எப்படிம்மா வெளிய போறது?" என்று கத்தினார். "எல்லாரும் போற வழியாதான் சார்" என்றாள். ஊழியர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். வீட்டில் அம்மாவும் பேச்சை நிறுத்தினாள். பேச்சை நிறுத்தியிருப்பதைச் சொல்வதற்காக மட்டும் பேசினாள்.

"உங்க மாமா இல்லன்னா நீ இன்னைக்கு எங்கடி இருப்ப? அவன் ஆளுங்களுக்குக் கதவைச் சாத்திட்டியாமே. ஒரு வாரமா அவன் இந்தப் பக்கமே வரல."

"எனக்கும் ஃபோன் பண்ணலம்மா."

"பின்ன, பண்ணுவானா?"

மாமா எங்கே போகிறார் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. தினமும் வேனை நிறுத்திவிட்டு அவர் வெல்டர் படுத்திருந்த வார்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்வார். அது விழும். குனிந்து எடுப்பார். மறுபடி கொடுப்பார். "என்னங்க உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று வெல்டரின் மனைவி கேட்டதற்கு, "எடுத்துக் குடுத்துப் பழகிட்டேன்மா" என்றார். அன்று பச்சைக் கதவு வழியாகத் தான் முந்திப் போனதை வெல்டரின் மனைவியிடம் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தார். மூன்றாம் முறைதான் வந்தது. அவள் கணவனின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். கடைசியில், "பந்தைக் கொடுங்க, இன்னைக்கு நான் பிடிக்க வைக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டாள்.

வெல்டர் வீட்டுக்குப் போய், கையைக் காட்டத் திரும்பி வந்த நாளில் கூடம் வழக்கம்போல நிறைந்திருந்தது. வாசலிலேயே நர்ஸ் மேசை போட்டிருந்தாள். மூச்சு வாங்கிய ஒரு கிழவரையும், காய்ச்சலில் துவண்ட ஒரு குழந்தையையும் அவள் முன்னால் அனுப்பியிருந்தாள். மற்றவர்கள் காத்திருந்தார்கள். ஏன் காத்திருக்கிறோம் என்று தெரிந்ததால் முணுமுணுப்பு குறைந்திருந்தது.

அப்போது சந்தில் யாரோ பச்சைக் கதவைத் தடதடவென்று தட்டினார்கள். சேர்மனின் மருமகன். கறார் சந்து முனையில் போய் நின்றதும் அவர் கூடத்துப் பக்கம் வந்தார்.

"சார், அந்தக் கதவு பூட்டியாச்சு. முன்னாடி நர்ஸ் இருக்காங்க. அவசரம்னா உங்களைத்தான் முதல்ல அனுப்புவாங்க."

"அவசரமெல்லாம் இல்ல. ஃபிட்னஸ் சர்டிபிகேட். நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். டோக்கன் அங்க குடுக்கறாங்க."

"உன்னை இங்க வச்சதே நாங்கதாம்மா. நாளைக்கு நீ இருக்கணுமா வேண்டாமா?"

அவள் வழியை விட்டு நகரவில்லை. அப்போது பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். வெல்டரோடு வந்திருந்த மாமா.

"சார், நான் இந்தப் பொண்ணோட தாய்மாமன். நானே டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்கேன், பாருங்க."

"அதுக்கு?"

"போன மாசம் நீங்க நிக்கிற இடத்துலதான் நான் நின்னேன். எனக்காக இந்தக் கதவு தொறந்துச்சு. உள்ள போய்க் கதை பேசிட்டிருந்தேன். அந்த நேரத்துல வெளிய ஒரு மனுஷனுக்குக் கை போச்சு. தோ, அவருதான்." பெஞ்சைக் காட்டினார். "பக்கத்துல உக்காந்து அவரக் கேலி பண்ணினவன் நான். சிபாரிசுன்னா யாருக்கோ நல்லது பண்றோம்னுதான் நினைச்சேன் சார். யாரைப் பின்னாடி தள்றோம்னு யோசிக்கவே இல்ல. ஆஸ்பத்திரியில நீ யாருன்னு கேக்கக் கூடாது சார். உனக்கு என்னன்னுதான் கேக்கணும்."

யாரும் கை தட்டவில்லை. பெஞ்சில் இருந்த எல்லோரும் சேர்மனின் மருமகனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். அவர் அதற்குமேல் நிற்கவில்லை. டோக்கனும் வாங்கவில்லை.

மாதக் கடைசியில் அவளுக்கு உத்தரவு வந்தது. நிரந்தரம் இல்லை, பயிற்சிக்காலம் நீட்டிப்பு. வேலை போகவில்லை என்று அம்மா பெருமூச்சு விட்டாள். கதவும் பூட்டியேதான் இருந்தது. அவளுக்கு அது போதும்.

"உங்க பெரியப்பா அன்னைக்குக் கேட்டாரே," என்றார் மாமா, "ஆஸ்பத்திரியில போய்க் கதவு தொறந்து விடுவாளான்னு. இப்பப் போய்ச் சொல்றேன்."

"என்னன்னு?"

"தொறக்கறதுக்கு யாரு வேணா இருப்பாங்க பெரியவரே, எங்க பொண்ணு பூட்டறதுக்குப் படிச்சிருக்கான்னு."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நம்ம ஆளுக்குக் கிடைக்கிற ஒவ்வொரு சலுகையும், யாரோ ஒரு சீக்காளிகிட்ட இருந்து பிடுங்கினது மாமா. முன்னாடி நாம இருந்த மாதிரி, கேக்க ஆள் இல்லாதவங்ககிட்ட இருந்து."